எட்டு மணி நேரக் கோழி

ஜூன் 8, திங்கள்

காலை ஆறு மணிக்கே வேர்வை. மோட்டார் போட்டால் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை. மெக்கானிக் ‘வாரேன்ணே’ என்றான். வரமாட்டான்.

வசந்தா நேற்று சாப்பிடும்போது போகிற போக்கில் சொன்னது. பதவி உயர்வு வந்திருக்கிறது. கண்காணிப்பாளர். ஊர் கம்பம். பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல். இப்போது திருமங்கலம் ஆபீஸுக்குப் போய் வருவது போல் தினம் போய் வர முடியாது, அங்கேயே ரூம் எடுத்துத் தங்க வேண்டும். வேண்டாம் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

“நீ என்ன நெனைக்கிற?” என்றேன்.

“ஏழேகாலுக்கு வீட்டுக்கு வாரேன். கால கூட நீட்டாம அடுப்புல நிக்கிறேன். இதுல நெனைக்கிறதுக்கு எங்க நேரம்?” என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாள் முழுக்க இதையே யோசித்தேன். மில் மூடி இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்தது டீ, அவித்த முட்டை. அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ராத்திரி சாப்பாடு மட்டும் தயாராக இருந்தால் அவள் எதற்குக் கம்பம் போகப் போகிறாள்?

எட்டு வருடத்துக்கு முன்பும் இப்படி ஒன்று வந்தது. பையன் கார்த்தி அப்போது ப்ளஸ் டூ. வேண்டாம் என்று நான்தான் கடிதம் எழுதினேன், அவள் கையெழுத்துப் போட்டாள். ஒரு பிரச்சினையும் இல்லை. அந்தக் கடிதத்தின் நகல் ஃபைலில் இருக்கிறது.

ஜூன் 9, செவ்வாய்

வெயில் கொளுத்துகிறது. பரண் ஏறினேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது.

வசந்தாவின் தம்பி மூன்று வருடத்துக்கு முன் துபாயிலிருந்து கொண்டுவந்த ஸ்லோ குக்கர். அட்டைப்பெட்டி கூடப் பிரிக்கவில்லை. உள்ளே கறுப்புப் பீங்கான் பானை, மேலே கண்ணாடி மூடி. பிளக் நம் ஊர் சாக்கெட்டில் நுழையவில்லை. மூன்று காலும் சதுரம். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் அடாப்டர் கிடைத்தது.

யூடியூபில் ஒரு பெண். ‘ஈஸி இத்தாலியன் சிக்கன் டின்னர்! எல்லாத்தையும் போட்டு மூடிட்டு வேலைக்குப் போயிடுங்க, எட்டு மணி நேரம் மறந்துடுங்க!’ ஈஸியாம். அவள் வீட்டில் எல்லாம் முன்கூட்டியே நறுக்கிக் கிண்ணம் கிண்ணமாக இருக்கிறது.

வேண்டியவை:
தக்காளி, வெங்காயம், பூண்டு: உண்டு.
குடைமிளகாய்: வாங்கியாச்சு.
ஆலிவ் எண்ணெய்: மளிகைக் கடையில் இல்லை. மெடிக்கலில் சின்ன பாட்டில். “குழந்தைக்குத் தேய்க்கவா சார்?” “ஆமா” என்றேன்.
ஆரிகனோ: பீட்சாவோடு வந்த பொட்டலங்கள், ஃபிரிட்ஜ் கதவில் பதினொன்று. கார்த்தி வரும்போதெல்லாம் சேர்ந்தது.
பேசில் இலை: தலைவலி.

காய்கறிக் கடையில் பேசில் என்றதும் பசலைக்கீரையை எடுத்து நீட்டினான். “துளசி மாதிரி இருக்கும்ப்பா” என்றேன். இது, பக்கத்தில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த என் அக்கா காதில் விழுந்தது. அக்கா எங்கள் வீட்டுக் கீழ்ப்போர்ஷனில் இருக்கிறாள். அத்தான் போனபிறகு அவளுக்கு நாங்கள்தான், எங்களுக்கு அவள்தான். கடை என்றும் பார்க்காமல் கத்தினாள்: “கோழில துளசியவா போடப் போற? நல்லா இருப்பியாடா நீ? பெருமாளுக்கே அடுக்குமா?”

துளசி இல்லை, அதற்குப் பங்காளி முறை என்று விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

கடைசியில் பூக்கார அம்மாவிடம் கிடைத்தது. மரிக்கொழுந்துக்குப் பக்கத்தில் திருநீற்றுப் பச்சிலை. கசக்கி மோந்தேன். போன் படத்தோடு ஒப்பிட்டேன். அதே இலை! மீனாட்சிக்கு முன்னால் மணக்கிற இலையைத்தான் இத்தாலிக்காரன் குழம்பில் போடுகிறான்.

“சாமிக்குங்களா?” என்றாள். செவ்வாய்க்கிழமை வேறு. “ஆமாம்மா” என்றேன். ஒரே நாளில் இரண்டு பொய்.

இன்று வீட்டில் கறி கிடையாது. நாளை புதன், நாளை மறுநாள் வியாழன். வெள்ளி மறுபடி கிடையாது. ஆக இரண்டு நாள்தான் கையில்.

ஜூன் 10, புதன்

காற்றே இல்லை.

ஏழு மணிக்கே கறிக்கடை. “எலும்பில்லாம முக்கால் கிலோ.”

“எலும்பில்லாத கறில என்னண்ணே இருக்கு? விருந்தாளியா?”

“வீட்டுக்குத்தான்.”

“மதினிக்கு உடம்பு சரியில்லையா?” அவன் முகத்தில் நிஜமான கவலை. நான் கறி வாங்கினாலே அவன் கணக்கில் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை.

8.10 வ. கிளம்பினாள். 8.35 எல்லாம் போட்டு மூடினேன், திருகினேன், சிவப்பு விளக்கு. பெருமையாக இருந்தது. 9.00 கரண்ட் கட்.

பத்து நிமிடத்தில் வரும் என்று உட்கார்ந்தேன். பத்து மணி. பதினொன்று. கீழே இருந்து அக்கா: “சாயந்தரம் அஞ்சு மணிக்குத்தான் வருமாம், பேப்பர்ல போட்டிருக்கே, பாக்கலயா?”

மாதாந்திரப் பராமரிப்பு. நம் ஏரியா பெயர் மூன்றாவது வரியில். அந்தப் பக்கத்தை விரித்துப் போட்டுத்தான் காலையில் வெங்காயம் உரித்தேன்.

கேஸ் அடுப்பில் மாற்றியிருக்கலாம். இப்போது தோன்றுகிறது. அப்போது வீம்பு. இன்னும் அரை மணி, இன்னும் அரை மணி என்று இருந்துவிட்டேன். 4.40க்குக் கரண்ட் வந்தது. மூடியைத் திறந்தால் குப்பென்று ஒரு வாடை. தெருமுனை நாய் கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைத்தது.

வ. வந்தாள். பீங்கான் பானை கழுவிக் கவிழ்த்திருப்பதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். புடவை கூட மாற்றாமல் உப்புமா கிண்டினாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

உப்புமாவில் முந்திரி வேறு போட்டிருந்தாள். எரிச்சலாக வந்தது.

ஜூன் 11, வியாழன்

லேசான மேகம். மழை வராது.

பேப்பரை இரண்டு தரம் படித்தேன். மின்தடை இன்று வேறு ஏரியாவுக்கு. மறுபடி முக்கால் கிலோ. கறிக்கடைக்காரன்: “மதினிக்கு இன்னும் சரியாகலயாண்ணே?”

9.05 போட்டேன். ‘மூடியைத் திறக்கவே கூடாது, ஒரு தடவை திறந்தால் அரை மணி நேரம் கூடும்’ என்று யூடியூப் பெண் நான்கு முறை சொல்லியிருந்தாள். எனவே திறக்கவில்லை. பதினோரு மணிக்கு மெக்கானிக் ஒருவழியாக வந்தான். அவனோடு மாடிக்கும் கிணற்றடிக்குமாக அலைந்தேன். ஒரு மணி வரை.

இறங்கி வந்தால் அடுப்படியில் அக்கா. கையில் கரண்டி. மூடி மேடையில்.

“என்னக்கா பண்ற?”

“என்ன பண்றேனா? அடுப்பும் எரியல, ஆவியும் வரல, கொதிக்கிற சத்தமும் இல்ல. நாலு தடவ வந்து வந்து பாத்துட்டேன், கோழி அப்படியே வெள்ளையா கெடக்கு. கிண்டி விடாம ஒரு கொழம்ப யாராவது வைப்பாகளா?”

“நாலு தடவயா?”

“உப்பு பாத்தேன், சப்புன்னு இருந்துச்சு. போட்டேன். மிளகாத்தூள் ரெண்டு கரண்டி. சோம்பு தட்டிப் போட்டேன். கருவேப்பில போட்டேன். அம்புட்டுத்தான்.”

அம்புட்டுத்தானாம்! நான் கத்திவிட்டேன். இது இத்தாலிக் கோழி, உன் வீட்டு மொய் விருந்து இல்லை, உன்னை யார் வரச் சொன்னது என்று. மெக்கானிக் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா கரண்டியைக் கழுவி வைத்தாள். “வசந்தா அங்க போயிட்டா உன் கதி என்னான்னு நெனச்சுத்தான் வந்து வந்து பாத்தேன். இனிமே வரல” என்று படியிறங்கிப் போய்விட்டாள்.

கம்பம் விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும்? வ. சொல்லியிருக்கிறாள். எனக்குச் சொல்வதற்கு முன்பா, பின்பா?

குக்கரை ‘ஹை’ சூட்டுக்குத் திருகி வைத்தேன். 6.30க்கு வெந்துவிட்டது. நிறம் செக்கச்செவேல். மேலே பச்சிலையைக் கிள்ளிப் போட்டேன். பேக்கரி பன் ஆறு, நறுக்கிச் சூடு காட்டினேன். போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். ‘வசந்தாவுக்காக என் கையால்.’ பத்து நிமிடத்தில் கைதட்டல் பொம்மைகள். மச்சினன்: ‘மாமா கலக்குறீங்க!’ என் தம்பி: ‘மதினி குடுத்து வச்சவங்க.’ கார்த்தி: ‘அப்பாவா?????’

எட்டு வருடத்துக்கு முந்தைய நகலைப் பார்த்து, பதவி உயர்வு வேண்டாம் என்று கடிதம் எழுதி, தட்டுக்குப் பக்கத்தில் பேனாவோடு வைத்தேன்.

7.20. வ. உள்ளே வந்ததும், “பஸ்லயே பாத்தேன். குடுத்து வச்சவளாம் நான்” என்றாள். சிரித்த மாதிரி இருந்தது. “இருபத்தேழு வருஷமா நான் ஆக்கிப் போடுறேன். என்னைக்காவது ஒரு இட்லிய போட்டோ எடுத்திருக்கீகளா?”

பரிமாறினேன். பன்னைக் குழம்பில் தோய்த்துத் தின்றாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இத்தாலியா இது? உசிலம்பட்டி தாண்டலயே” என்றாள். இரண்டாவது தடவை போட்டுக்கொண்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்புறம் தாளைப் பார்த்தாள். கையைத் துடைத்துவிட்டு எடுத்தாள்.

“போன தடவ எழுதுன அதே லெட்டர்தான?”

“தேதியும் ஊரும் மட்டும் மாத்துனேன்.”

“குடும்பச் சூழ்நிலை காரணமாகன்னு போட்டிருக்கீக. என்ன சூழ்நிலை? கார்த்தி பெங்களூர்ல இருக்கான். மாமாவும் அத்தையும் போய்ச் சேந்தாச்சு. உங்களுக்குச் சுகர் கூட இல்ல.”

“ஒரு பேச்சுக்குப் போடுறதுதான வசந்தா.”

“சோறாக்கத்தான் நான் அலுத்துக்கிட்டேன்னு நெனச்சீகளா? ரெண்டு வருஷமா நீங்க சும்மா உக்காந்து நான் ஆக்குறதப் பாத்தீகளே, அதுலதான் அலுத்துப் போனேன். இன்னொருக்கா பிரமோஷன விட்டா ரிட்டயர் ஆகுற வரைக்கும் இதே நாற்காலிதான் எனக்கு.” பேனாவை என் பக்கம் தள்ளினாள். “காரணத்த உண்மையா எழுதுங்க. எழுதி வைங்க, கையெழுத்துப் போடுறதா வேணாமான்னு நான் பாத்துக்கிறேன்.”

அவள் படுக்கப் போய்விட்டாள். நான் தாளோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வரி வரவில்லை. கோழி பாதி மீதி.

ஜூன் 12, வெள்ளி

காற்று அடிக்கிறது. கொடியில் இருந்த துண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

காலையில் ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்பதை அடித்தேன். அதற்கு மேல், ‘என் கணவருக்குத் தனியாக இருக்கப் பயம் என்பதால்’ என்று எழுதினேன். வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது மடித்துக் கைப்பையில் வைத்தேன். வெட்கமாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயது.

மீதிக் கோழியைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். “வெள்ளிக்கிழம அதுவுமா கறியக் கொண்டு வாரான் பாரு” என்று திட்டினாள் அக்கா. திட்டினாளே, அதுவே போதும். ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டாள்.

மதியம் சாப்பிடவில்லை. பத்து தடவை போனை எடுத்துப் பார்த்தேன்.

5.20. வ.விடமிருந்து போன்.

“பையில இருந்தத வாசிச்சேன். வாசிச்சுக்கிட்டே ஸ்டாப்ப விட்டுட்டேன். ஆட்டோ பிடிச்சு ஆபீஸுக்கு வந்தேன்.”

“ம்.”

“கல்யாணம் ஆன நாள்லருந்து நீங்க எங்கிட்ட சொன்னதுல இது ஒண்ணுதான் நிசம்.”

“அப்ப கையெழுத்துப் போட்டியா?”

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் சத்தம்.

“இல்லங்க. போறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். திங்கக்கிழம சேரணும்.”

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

“உங்க தாள அவுகளுக்குக் குடுக்கல. எங்கிட்டதான் இருக்கு. நான் வச்சுக்கிருவேன். சனிக்கிழம சனிக்கிழம வந்திருவேன். பயமா இருந்தா எந்நேரமும் போன் போடுங்க, எடுப்பேன். அது எங்க இருக்கு, இது எங்க இருக்குன்னு கேக்க மட்டும் போடாதீக.”

வைத்துவிட்டாள்.

அவள் வர இன்னும் இரண்டு மணி நேரம். ரசமாவது வைப்போம் என்று அடுப்படிக்குள் வந்தேன். ஏழு டப்பா திறந்துவிட்டேன். புளியைக் காணோம். போனைக் கையில் எடுத்தேன், மறுபடி மேடையில் வைத்துவிட்டேன். எட்டாவது டப்பாவில் வெந்தயம்.