ஓடாத படங்கள்

மார்ச் 4
அண்ணன் போன் செய்தான். அப்பா போய் எட்டு மாதமாக என் நினைப்பே வராதவனுக்கு இன்று திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வந்தது.
"அப்பா ரூமு ஞாபகமிருக்கா? அத ஹோம் தியேட்டரா மாத்திட்டேன்."
ஞாபகமிருக்காவாம்! அப்பா நாலு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்த அறை. கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தவள் நான்.
"சுவரு மொட்டையா இருக்கு. பழைய ஹிந்திப் படப் போஸ்டர் மூணு வேணும். உன் பிரஸ்ல சும்மாதானே போட்டுத் தருவ?" புது மேலதிகாரி ஹிந்திக்காரர். வீட்டுக்குக் கூப்பிட்டு அவரை அசத்த வேண்டுமாம்.
சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

மார்ச் 5
துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவன் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "கடைசி வரைக்கும் அப்பாவ நான்தான் பாத்துக்கிட்டேன்." நாலு வருஷத்தில் மூன்று தடவை எட்டிப் பார்த்தவன். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். மறுவாரமே வீட்டுக்குக் குடிவந்து, என்னை அறையைக் காலி செய்யச் சொன்னான்.
அவனும் அண்ணியும் அப்போது ஹிந்தி பேசும் ஊரில் இருந்தார்கள். அதை வைத்து, ஹிந்தி தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று எல்லாரிடமும் பீலா விடுகிறான். ஒரு எழுத்து படிக்கத் தெரியாது, பேசினாலும் புரியாது. ஆபீசில் இங்கிலீஷிலேயே ஓட்டிவிடுவான். எங்கள் பிரஸ்ஸில் ஹிந்தி நோட்டீஸ் எல்லாம் செய்வது நான்தான்.
இருடா, உனக்கு இருக்கு.

மார்ச் 9
மூன்றும் தயார். உலகத்தில் எவனும் எடுக்காத படங்கள். மழையில் நனையும் ஜோடி, துப்பாக்கியோடு ஒரு மீசைக்காரன், அழுகிற தாய் — எல்லாம் என் கைவேலை. ஓரத்தை மஞ்சளாக்கி, மடிப்புக் கோடுகூடப் போட்டேன். தலைப்பு மட்டும் கொட்டை எழுத்தில், சுத்தமான ஹிந்தியில்:
'அப்பா காத்திருந்தார்.' 'மகன் வரவில்லை.' 'இப்போது படம் பார்க்கிறான்.'
இந்த வரிசை மாறக் கூடாது. நானே போய் மாட்டுவேன்.

மார்ச் 12
மாட்டியாயிற்று.
கட்டில் இருந்த இடத்தில் சாய்வு சோபா. ஜன்னலைப் பலகை வைத்து அடைத்து, கறுப்புத் துணி ஒட்டியிருக்கிறான். அந்த ஜன்னல் வழியாகத்தான் அப்பா கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.
"அடடே, மூணுமே நான் பாத்த படம்!" என்றான் அண்ணன். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். அண்ணி மட்டும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு டீ போடப் போய்விட்டாள்.

மார்ச் 16
மேலதிகாரி வந்தார். நானும் போயிருந்தேன், வேடிக்கை பார்க்கத்தானே இத்தனை பாடும்!
அண்ணன் முதல் போஸ்டரைத் தட்டி, "இத மூணு தடவ பாத்தேன் சார், கிளைமாக்ஸ்ல அழுதுட்டேன்" என்று இங்கிலீஷில் அளந்தான். அவர் இடமிருந்து வலமாக மெல்லப் படித்தார். மறுபடியும் படித்தார். முகம் மாறியது. பிறகு அண்ணனிடம் ஹிந்தியில் கேட்டார்: உங்க அப்பா இருக்காரா?
அண்ணன் ஒரே சிரிப்பு. "ஹாங், ஹாங்!"
ஆமாம், இருக்காராம்!
"அப்ப முதல்ல போய் அவரைப் பாருங்க" என்றார், அதே ஹிந்தியில். அதற்கும் ஹாங்தான். தலைவலி என்று சொல்லி, படம் போடுவதற்கு முன்பே அவர் கிளம்பிவிட்டார்.
இதற்குத்தான் காத்திருந்தேன். ஆனால் அந்த ஹாங் ஹாங்… எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 17
பழி வாங்கியாச்சு. வாங்கப்பட்டவனுக்குத்தான் தெரியவில்லை. உறைக்காதவனை அடிச்சு என்ன பிரயோஜனம்? நானே போன் போட்டு அர்த்தம் சொல்லலாமா? சொன்னால், பொறாமை பிடிச்சவளுன்னு என்னையே திருப்பி ஏசுவான்.

மார்ச் 19
பிரஸ்ஸுக்கு அண்ணி வந்தாள், தனியாக.
"ரெண்டாவது போஸ்டருக்கும் மூணாவதுக்கும் நடுவுல இடம் இருக்கு. இன்னொண்ணு வேணும்."
"என்ன படம் அண்ணி?"
அவள் தலைப்பை ஹிந்தியில் சொன்னாள், தடங்கலே இல்லாமல். 'மருமகளும் வரவில்லை.'
"உங்களுக்கு ஹிந்தி தெரியுமா?"
"அந்த ஊர்ல கடையில, பக்கத்து வீட்டுல எல்லாம் பேசினது யாருன்னு நெனச்ச? உன் அண்ணன் பக்கத்துல நின்னு தலையாட்டுவார், அவ்வளவுதான்."
"அவன் அர்த்தம் கேட்டா?"
"கேக்க மாட்டார். நானே படிச்சுக் காட்டுறேன்."
இவளையும் சேர்த்துத்தான் இத்தனை நாள் கரித்துக்கொட்டினேன். மன்னிக்க இன்னும் மனசு வரவில்லை. போஸ்டரை மட்டும் நன்றாகப் போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 22
அண்ணி போன். "நாலையும் தமிழ்ல சொல்லிட்டேன்." உடனே வைத்துவிட்டாள்.

மார்ச் 25
அண்ணன் பிரஸ்ஸுக்கு வந்தான். சவரம் செய்யாத முகம். கிழிகிழி என்று கிழிக்க எட்டு மாதமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. அவன் சண்டைக்கு வரவில்லை.
"அப்பா… என்னக் கேட்டாரா?"
"தினமும்" என்றேன். "கேட் சத்தம் கேட்டாப் போதும், நீதான் வந்துட்டேன்னு சட்டைய மாத்திவிடச் சொல்வார்."
கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டான். உண்மையைத்தான் சொன்னேன். இதைவிடப் பெரிய அடி என்னிடம் இல்லை. நாற்காலி காலியாகத்தான் இருந்தது, உட்காரச் சொல்லவில்லை.
அவனுக்குப் பின்னால் ஒருவர் விசிட்டிங் கார்டுக்காக நின்றுகொண்டிருந்தார். என்ன சைஸ் வேண்டும் என்று அவரிடம் கேட்டேன்.