பச்சை உடம்புக்காரி

அண்ணி,

நேற்றுக் கீரமங்கலத்தில் இறங்கி நம் வீட்டை அடைந்தபோது, சுட்ட வசம்பின் மணம் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டது. வீட்டில் இப்போது கைக்குழந்தை இல்லை. மணம் கொட்டிலிலிருந்து வந்தது. அண்ணன் வசம்பை இழைத்து, புதிதாகப் பிறந்த குதிரைக்குட்டியின் தொப்புளைச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார். அதற்கு வயிறு இளகியிருந்தது.

"தாய் பருவத்துக்கு வந்துருச்சுத்தா. அதான் குட்டிக்குக் கழிச்சல்" என்றார்.

குட்டி ஈன்ற குதிரை இரண்டாம் வாரத்திலேயே மீண்டும் பருவத்துக்கு வரும் என்பதை நான் அறிந்தது இதே கொட்டிலில்தான். இன்று தாயாக நிற்பவள் அன்று குட்டி. அவளை ஈன்ற செவலைக்காக நீங்கள் வழிமறித்து நின்ற காலைப்பொழுது, அந்த மணத்தோடு எழுந்து வந்தது.

செவலையின் பேறு கடினமாக இருந்தது. கால்நடை மருத்துவர் கையை உள்ளே விட்டுத்தான் குட்டியை எடுத்தார். நஞ்சுக்கொடி விழவும் பொழுதாகிவிட்டது. கருப்பை ஆறவில்லை, இந்தப் பருவத்தை விட்டு அடுத்ததில் சேருங்கள், மீறினால் தாயையே இழக்க நேரும் என்று சொல்லிப் போனார். ஆனால் வண்டிப் பந்தயங்களில் பெயரெடுத்த பொலிகுதிரை ஒன்று அறந்தாங்கியிலிருந்து விலைபோய், அந்த வாரமே தெற்கே போகவிருந்தது. அண்ணனுக்கு அதன் வாரிசு வேண்டும். குதிரைக்காரர் பொலிகுதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேவிட்டார்.

நீங்கள் கொட்டிலின் படலைச் சாத்திவிட்டு அதன் குறுக்கே நின்றீர்கள்.

"இவ பச்சை ஒடம்புக்காரிங்க. எங்கிட்டும் வரமாட்டா."

குதிரைக்காரர் சிரித்தார். "குதிரைக்கு ஏதாத்தா பச்சை ஒடம்பு? பத்தியச் சோறும் ஆக்கிப் போடுறீங்களோ?"

"போடுறேனே. கொள்ளுக் கஞ்சியும் கருப்பட்டியும். ஒங்களுக்கும் ஒரு வாய் ஊத்துறேன், குடிச்சிட்டு ஒங்க குதிரைய ஓட்டிக்கிட்டுப் போங்க."

அண்ணனுக்கு முகம் சிவந்தது. "பருவம் வந்துருச்சுன்னா ஒடம்பு கேக்குதுன்னுதான அர்த்தம்? ஒனக்கு என்ன தெரியும்?"

"ஒடம்பு கேக்குதா, நீங்க கேக்குறீங்களா?"

பிறகு குரலைத் தாழ்த்தினீர்கள். குதிரைக்காரருக்கு அது கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

"எனக்குத்தான் யாரும் வாசல மறிக்கல. இவளுக்கு நான் மறிக்கிறேன்."

மூத்தவள் தவழும் முன்பே நீங்கள் இரண்டாவதைச் சுமந்தீர்கள். அது தங்கவில்லை. அதன்பின் உங்களுக்குக் குழந்தையே இல்லை. அதைப் பற்றி அவ்வீட்டில் அன்றுவரை எவரும் வாய் திறந்ததில்லை. அண்ணன் கையிலிருந்த கயிற்றைப் படலின்மேல் போட்டுவிட்டு வயல் பக்கம் நடந்துவிட்டார்.

அன்று மாலை அறந்தாங்கியில் எனக்கு மேடை. உழைக்கும் மகளிரின் மகப்பேற்று ஓய்வு குறித்துப் பேச, எதுகை மோனையோடு அடுக்கி வைத்திருந்த தொடர்களை எல்லாம் விட்டுவிட்டு, "பச்சை உடம்பு" என்று தொடங்கினேன். தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த பெண்கள் ஒருசேர நிமிர்ந்தார்கள். ஆறாத புண்ணையும் சுடாத மண்கலத்தையும் அன்று பிறந்த பிள்ளையையும் ஒரே சொல்லால் பச்சை என்கிறோம். தொட்டால் சிதையும், பொறுத்தால் தேறும். இத்தனையும் அந்தச் சொல்லுக்குள் இருப்பதை, தமிழே மூச்சென்று முழங்கி வந்த நான், நீங்கள் படலின் குறுக்கே நின்ற பிறகுதான் கேட்டேன்.

பொலிகுதிரை தெற்கே போயிற்று. செவலை தேறியபின், அக்கம்பக்கத்தில் கிடைத்த குதிரையோடு சேர்த்தார்கள். அதற்குப் பிறந்த குட்டி எந்தப் பந்தயத்திலும் முந்தவில்லை. "அன்னைக்கு மட்டும் விட்டிருந்தா..." என்று சோற்றுத் தட்டின் முன் அண்ணன் தொடங்கும்போதெல்லாம், "கொழம்பு ஊத்தவா, ரசம் ஊத்தவா?" என்று கேட்டு அடக்கிவிடுவீர்கள். நீங்கள் மறையும்வரை அந்தப் புலம்பலும் ஓயவில்லை, அந்தக் குழம்பும் ஓயவில்லை.

நேற்று நான் கொட்டிலில் நிற்கும்போதே அண்ணனின் கைப்பேசி ஒலித்தது. நல்ல பொலிகுதிரை வந்திருக்கிறது, இப்போதே கொண்டுவரட்டுமா என்று யாரோ கேட்டார். இம்முறை பேறு எளிதாக முடிந்திருந்தது. மருத்துவரும் தடை சொல்லவில்லை என்று அண்ணனே சற்றுமுன் சொல்லியிருந்தார்.

"இப்ப வேணாம்ப்பா. அடுத்த பருவத்துக்குப் பாப்போம்."

அந்தப் பக்கம் ஏதோ வற்புறுத்தல். அண்ணன் எழுந்து படலருகே போனார்.

"இல்லப்பா. பச்சை ஒடம்புக்காரி."

பேச்சு முடிந்தும் அவர் படலைப் பிடித்தபடி அங்கேயே நின்றார், அண்ணி. வசம்புக் கரி அதில் விரல் விரலாகப் பதிந்திருந்தது. நான் துடைக்கவில்லை.

நாளை கீரனூரில் பேசுகிறேன். இத்தனை ஆண்டுகளாக உங்கள் சொல்லைப் பெண்களைப் பார்த்தே சொல்லி வந்தேன். நாளை ஆண்கள் அமர்ந்திருக்கும் பக்கம் திரும்பிச் சொல்வேன்.