கீழ்வயல் கீரை

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போன் செய்தால் துண்டித்துவிடுகிறாய். அதனால் ஆடு ஏற்றிவரும் லாரி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கோபத்தை அப்புறம் வைத்துக்கொள், முதலில் இதைப் படி.

உன் மனைவிக்கு ஒரு மாதமாகக் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, ஈரலில் கட்டி, திங்கட்கிழமை ஆபரேஷன் என்று டிரைவர் சொன்னார். உடனே ஓடிவரலாம் என்றால் எந்த ஆஸ்பத்திரி என்று அவருக்குத் தெரியவில்லை.

நாலு மாதத்துக்கு முன் இறைச்சிக்கூடத்தில் பரிசோதகராக உன் ஆடுகளின் ஈரலை அறுத்துப் பார்த்தவள் நான்தான். ஒவ்வொன்றிலும் இலை மாதிரி தட்டைப் புழு. ஈரல் அத்தனையையும் குழியில் போட்டுப் புதைக்கச் சொன்னேன். "கூடப் பொறந்தவன்னு கூட பாக்கலயே" என்று எல்லார் முன்னாலும் கத்தினாய். நான் மட்டும் சும்மா இருந்தேனா? நத்தை மொய்க்கிற கீழ்வயல் சேற்றில் ஆட்டை மேயவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று பொரிந்து தள்ளினேன்.

நீ ரோஷக்காரன். மறுநாளே கீழ்வயலுக்கு வேலி போட்டு, ஆடுகளை மேட்டுக்கு ஓட்டிவிட்டாய். ஆடு வாய் வைக்காததால் அங்கே ஓடைக்கீரை புதராக மண்டியதாம். வீணாகப் போகிறதே என்று அவள் பறித்து, பச்சையாகவே உப்புப் போட்டுத் தின்றாளாம். டிரைவர்தான் பேச்சுவாக்கில் சொன்னார். கீரையைக் கண்டாலே முகம் சுளிக்கிறவன் நீ, அதனால் தப்பித்தாய்.

நத்தையிலிருந்து வெளிவரும் புழுக்குஞ்சு அந்தக் கீரையில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கழுவினாலும் போகாது. ஆட்டுக்குள் போகிற மாதிரியே மனுஷருக்குள்ளும் போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆட்டை விடாதே என்று சொன்னவள், நீங்களும் தின்னாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டாமா? கோபத்தில் பாதி சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

நான் ஆட்டு ஈரல் பார்க்கிறவள், டாக்டர் இல்லை. நிஜமாகவே கட்டியாகவும் இருக்கலாம். ஆனாலும் கத்தி வைப்பதற்கு முன் இந்தக் கடிதத்தை டாக்டரிடம் காட்டு. ஈரல் புழுவுக்கென்று ரத்தப் பரிசோதனை கேள். மலப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால் அதோடு விட்டுவிடாதே, ஆரம்பத்தில் அதில் முட்டை தெரியாது. புழுதான் என்றால் மாத்திரையிலேயே குணமாகிவிடும்.

அவள் நன்றாக எழுந்து நடமாட வேண்டும். தம்பி, என்னோடு நீ ஆயுசுக்கும் பேச வேண்டாம். திங்கட்கிழமைக்குள் டாக்டரிடம் மட்டும் பேசிவிடு.

உன் அக்கா