ஐம்பத்தேழு வயதுப் பையன்

ஜூன் 2

அன்புள்ள அக்கா மகளுக்கு,

நீ நம்பப்போவதில்லை. இருந்தாலும் சத்தியம் செய்து சொல்கிறேன்: உலகத்திலேயே வயதான பையன் நான்தான். ஐம்பத்தேழு வயது, முழு நரை, மூட்டுவலி. ஆனாலும் சட்டையில் 'வார்டு பாய்' என்றுதான் தைத்திருக்கிறார்கள். லிப்ட் பாய், ஆபீஸ் பாய் என்று கீழ்மாடி முழுக்கப் பையன்கள். ஒருவனுக்கும் பல் முழுசாக இல்லை. "ஏய் பாய்!" என்று குரல் வந்தால் நாலு தாத்தாக்கள் ஓடுகிறோம். நேற்று நான் ஓடிய வேகத்தில் சுவர்க் கடிகாரம் பத்து நிமிஷம் பின்னால் போய்விட்டது.

திங்கட்கிழமை எங்கள் வார்டுக்கே டாக்டராக வருகிறாயாமே! ஆஸ்பத்திரி தாங்குமா?

மாமா

ஜூன் 4

அன்புள்ள மாமா,

சிரித்தேன். அதற்கப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. அங்கே உங்களை எப்படிக் கூப்பிடுவேன்? 'மாமா' என்றால் பெரிய டாக்டர் என்ன நினைப்பார்? மற்றவர்கள் மாதிரி கூப்பிட எனக்கு நாக்கு வருமா? பள்ளிக்கூடம் வரை என்னைத் தோளில் தூக்கிப் போனவர் நீங்கள். போனில் கேட்கக் கூச்சம். உடனே பதில் போடுங்கள்.

வாயாடி

ஜூன் 6

அடி வாயாடி,

இதற்கா இந்தக் கலக்கம்? 'பாய்' என்றே கூப்பிடு. கேட்டுக் கேட்டு என் காது காண்டாமிருகத் தோல் ஆகிவிட்டது. 'மாமா' என்றாயோ, திடுக்கிட்டு நோயாளியைக் கீழே போட்டுவிடுவேன்.

மாமா

ஜூன் 9

மாமா,

கூப்பிட்டுவிட்டேன். இன்று வார்டில் ஒரு பெரியவருக்கு மூச்சுத் திணறியது, பெரிய டாக்டர் பக்கத்திலேயே நின்றார். "பாய், ஸ்ட்ரெச்சர் கொண்டு வா, சீக்கிரம்!" என்றேன். நீங்கள் "இதோ டாக்டர்" என்று ஓடி வந்தீர்கள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கேன்டீனிலும் உங்களைக் காணோம். கோபமா? திட்டியாவது எழுதுங்கள்.

வாயாடி

ஜூன் 10

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

கோபமா, எனக்கா? நீ அதட்டிய கம்பீரத்தில் என் நரை கறுத்தது. கொட்டின பல்லில் இரண்டு முளைத்தது. ஸ்ட்ரெச்சர் தரையில் உருளவே இல்லை, பறந்தது. பெரியவர் கண்ணைத் திறந்து, "விமானம் எப்பப்பா இறங்கும்?" என்று கேட்டார். கேன்டீனுக்கு வராதது ஏன் தெரியுமா? என்னைப் பாராட்ட வந்த கூட்டத்தில் வாசல் அடைத்துக்கொண்டது.

நாளைக்குப் பதினோரு மணிக்கு டீ குடிக்க வா. எல்லார் கண்ணெதிரிலும்.

மேலே விமானம், கூட்டம் என்று எழுதியது முழுக்கப் புளுகு, உனக்கே தெரியும். காண்டாமிருகத் தோலிலும் ஒரு பொட்டு இடம் விட்டுப்போயிருந்தது, நேற்று அங்கே சுருக்கென்றது. அது மட்டும் நிஜம்.

மாமா