தானாக ஏறும் லெவல்

என் அன்புள்ள பம்புக்காரரே,

நீங்கள் முதலில் வண்டியைப் பற்றித்தான் கேட்பீர்கள். என்னைப் பற்றி அப்புறம்தான். அதனால் வண்டிச் சேதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். போன வாரம் அதற்குச் சாவு சொல்லிவிட்டார்கள். பெட்டிக்கு ஆர்டர் கொடுக்காததுதான் குறை. நான் எடுக்கவிடவில்லை.

உங்களுக்குப் பிறகு நம் பிழைப்பு நின்றுபோய்விடும் என்று ஊரில் சொன்னவர்கள் உண்டு. நிற்கவில்லை. பூதிகோட்டைத் தோட்டத்தில் தக்காளியும் கத்திரிக்காயும் வேனில் ஏற்றி வந்து, மைன்ஸ்காரர்கள் குடியிருக்கும் பாலகாட் லைன் வீடுகளில் இன்றைக்கும் விற்கிறேன். அன்று நீங்கள் ஓட்டினீர்கள், நான் விற்றேன். இப்போது இரண்டும் நானே. நான் லைசென்ஸ் எடுத்த அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள், ஞாபகமிருக்கிறதா? "நான் இருக்கசொல்ல உனக்கு இன்னாத்துக்குடி இதெல்லாம்?" என்றீர்கள். இருந்தீர்களா?

சரி, நடந்ததைக் கேளுங்கள். சுமையோடு திரும்பும்போது பங்காருபேட்டை நெரிசலில் நின்றேன். எப்போதும் நடுவில் நிற்கிற ஆயில் பிரஷர் முள் இடது ஓரமாகப் போய்ப் படுத்துவிட்டது. உடனே இஞ்சினை நிறுத்தினேன். நல்ல மனிதர்கள் சிலர் தள்ளிக் கொடுத்தார்கள். நீங்கள் 'மச்சான்' என்று கூப்பிடும் மெக்கானிக் சீனப்பாவின் ஷெட்டில் கொண்டுபோய் விட்டேன்.

சீனப்பா ஆயில் அளக்கும் ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "அக்கா, ஆயில் நெறயவே கீது. லெவல்ல கொறையே இல்ல. ஆயில் இருந்தும் பிரஷர் இல்லன்னா இன்னா அர்த்தம்? உள்ள பேரிங் தேஞ்சிபோச்சு. இஞ்சினைப் பிரிக்கணும். இத்தினி வயசு வண்டிக்கு அது வேணாங்க்கா."

சேதி எப்படித்தான் பெங்களூருக்குப் போனதோ, மறுநாளே உங்கள் தம்பி டேவிட் ஷெட்டுக்கு வந்துவிட்டான். தனியாக வரவில்லை, பழைய இரும்புக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தான். "இன்னாத்துக்கு அண்ணி இந்தப் பாடு? வண்டிய குடுத்துட்டு எங்க வூட்டுக்கு வந்துடுங்க. பசங்களும் உங்களையே கேட்டுகினு கீதுங்க" என்றான்.

அன்பாகத்தான் சொன்னான். குறை சொல்லமாட்டேன். அவன் வீட்டில் எனக்கு ஒரு கட்டில் உண்டு. அந்தக் கட்டிலோடு சேர்ந்து ஒரு சமையலறையும் உண்டு என்று எனக்குத் தெரியாதா? இந்த வண்டி போனால் பூதிகோட்டை போயிற்று, பாலகாட் போயிற்று. நான் கேட்டுக் கேட்டுச் செலவு செய்கிற ஒருத்தியாக ஒரு மூலையில் உட்கார வேண்டும். தங்க மைன்ஸை மூடினபோதும் இப்படித்தான் 'ஒன்றுமில்லை, எல்லாம் முடிந்தது' என்றார்கள். முடிந்துபோன ஊரில்தான் நான் தினமும் தக்காளி விற்கிறேன். வாங்கித் தின்கிறவர்கள் யார், பேயா பிசாசா?

"மொதல்ல அந்த முள்ளு நெசம் சொல்லுதா பாருங்க. அப்புறம் சாவு சொல்லலாம்" என்றேன் சீனப்பாவிடம். அவர் முணுமுணுத்துக்கொண்டே வேறொரு பிரஷர் கேஜை நேராக இஞ்சினில் மாட்டி ஓட்டினார். இஞ்சின் சூடானதும் அந்த முள்ளும் படுத்துவிட்டது. நம் முள் பொய் சொல்லவில்லை. அந்த ஆட்டத்தில் எனக்குத் தோல்விதான். டேவிட் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். இரும்புக்காரர் சந்தையில் மாட்டைத் தட்டிப் பார்ப்பது போல பானெட்டைத் தட்டினார்.

"கைய எடுங்க" என்றேன். நானே ஸ்டிக்கை உருவினேன். ஆயில் மேல் கோட்டுக்கும் மேலே நின்றது. நான் ஊற்றவில்லை, சீனப்பாவும் ஊற்றவில்லை. பின்னே எப்படி ஏறியது?

அந்த இடத்தில்தான் உங்கள் குரல் வந்தது. மைன்ஸ் மூடும்வரை பூமிக்கடியில் பம்பு ஓட்டினவர் நீங்கள். ஊறுகிற தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் சுரங்கம் கீழிருந்து மூழ்கிக்கொண்டே வரும். அந்த வேலையின் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவருவீர்கள். டிரம்மில் தண்ணீர் இல்லை என்று நான் கத்தினால், "கொறையிற லெவலுக்கு பயப்படாதடி, ஊத்திக்கலாம். தானா ஏர்ற லெவலுக்குத்தான் பயப்படணும். எங்கிருந்தோ வருதுன்னு அர்த்தம்" என்பீர்கள். காலி டிரம்முக்கு இது ஒரு பதிலா என்று எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்!

ஆயிலை விரலில் தேய்த்தேன். கஞ்சி போல வழவழவென்று இருக்க வேண்டியது நீராகாரமாக ஓடியது. மோந்து பார்த்தால் டீசல் வாடை. ஸ்டிக்கை சீனப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினேன். "லெவல்ல கொறையே இல்லன்னீங்களே, கூட கீதே, அது எங்கிருந்து வந்திச்சி?"

அவர் மோந்தார். ஸ்பேனரை எடுத்தார். டாங்கிலிருந்து டீசலை இழுத்து அனுப்புகிற சின்ன பம்பைக் கழற்றினார். அதன் உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசல் வழியாகத்தான் டீசல் சொட்டுச் சொட்டாக ஆயிலில் கலந்திருக்கிறது. இளகிப்போன ஆயிலில் பிரஷர் எப்படி நிற்கும்? பாருங்கள், அங்கேயும் ஒரு பம்புதான்.

ரப்பரை மாற்றி, ஆயிலும் ஃபில்டரும் புதிதாகப் போட்டு ஸ்டார்ட் செய்தோம். முள் எழுந்தது. சூடான பிறகும் படுக்கவில்லை. பழைய இடத்துக்குக் கொஞ்சம் கீழேதான் நின்றது, அதையும் சொல்லிவிடுகிறேன். "பேரிங்கும் கொஞ்சம் தேஞ்சிதான் கீது அக்கா, பொய் சொல்லமாட்டேன்" என்றார் சீனப்பா. "என் முட்டியுந்தான் தேஞ்சி கீது. நான் நடக்கலயா?" என்றேன். சிரித்துவிட்டார்.

"அப்போ வரமாட்டீங்களா அண்ணி?" என்று டேவிட் கேட்டான்.

"வரேம்பா, கிறிஸ்துமஸுக்கு. என் வண்டியில."

வீடு வரும் வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினேன். சந்தோஷத்தில் என்று நினைக்காதீர்கள். உங்கள் மேல் வந்த ஆத்திரத்தில் அழுதேன். கடைசி மாதங்களில் உங்கள் கால் பருத்ததே, செருப்பு வார் பள்ளமாகப் பதிந்ததே, முகம் உப்பியதே! சர்ச் வாசலில் 'உடம்பு வச்சிக்கினியே' என்றார்கள், நீங்கள் மாப்பிள்ளை மாதிரி சிரித்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று நான் கெஞ்சினேன். "உன் கை சாப்பாடுடி" என்று என் வாயை அடைத்தீர்கள். அது சாப்பாடு இல்லை, தண்ணீர். இதயத்தால் இறைக்க முடியாமல் தேங்கின தண்ணீர் என்று டாக்டர் சொன்னபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

தானாக ஏறுகிற எந்த லெவலையும் நம்பாத மனுஷன் நீங்கள், உங்கள் காலில் ஏறினதை மட்டும் எப்படி நம்பினீர்கள்? என் சாப்பாட்டின் மேல் அவ்வளவு ஆசையா, இல்லை ஆஸ்பத்திரி என்றால் பயமா? எது என்று சொல்லிவிட்டாவது போயிருக்கலாமே.

இனி காலையில் ஸ்டிக்கைப் பார்க்காமல் வண்டியை எடுக்கமாட்டேன். குறைந்திருக்கிறதா என்று மட்டுமில்லை, ஏறியிருக்கிறதா என்றும் பார்ப்பேன். அப்படியே குனிந்து என் கணுக்காலிலும் கட்டைவிரலை அழுத்திப் பார்ப்பேன். பள்ளம் விழுந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவேன், நானே ஓட்டிக்கொண்டு. உங்களிடம் அவசரமாக வந்து சேருவதாக இல்லை. எனக்கொரு இடம் போட்டு வைத்துவிட்டுக் காத்திருங்கள். இந்த ஒரு தடவையாவது நீங்கள் காத்திருங்கள்.

சண்டை இன்னும் தீராத
உங்கள் வீட்டுக்காரி,
ஸ்டெல்லா