நீ மூடிவைத்த பறவைகள்

உன் வேலைப் பை என் அலுமாரிப் பிடியில் தொங்குகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே சிப்பிகள் உரசுகின்றன. கருவாட்டு வாடையும் வருகிறது. நீ மதியச் சாப்பாட்டையும் அதற்குள்தானே வைப்பாய்.

உன் ஆன்மாவுக்கான முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு உன் மகள் கொண்டுவந்து தந்தாள். "அம்மாவின்ர உடுப்பெல்லாம் குடுத்திட்டன் மாமி. இதை என்ன செய்யிறதெண்டுதான் தெரியேல்ல" என்றாள். வாங்கிக் கொழுவினேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

காற்றாலைகளில் அடிபட்டுக் கீழே செத்துக் கிடக்கும் பறவைகளைத் தேடுவது நம் வேலை. இப்படியும் ஒரு வேலையா என்று ஊர் சிரித்தது. சுற்றுச்சூழல் அறிக்கை செய்ய வந்த மிஸ் நம் இருவரையும் சோடியாகத்தான் எடுத்தாள். உனக்குக் கண் கூர்மை, எழுத்துத் தெரியாது. எனக்கு ஐந்தாம் வகுப்பு எழுத்து இருந்தது, கண் மங்கல். நீ கண்டு சொல்ல வேண்டும், நான் படிவத்தில் எழுத வேண்டும். பறவையைத் தொடக்கூடாது, பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய கம்பை நட்டுவிட்டு மிஸ்ஸுக்கு அறிவிக்க வேண்டும்.

"எடி டீச்சர், ஒண்டுமில்லையெண்டு எழுது" என்பாய். என் ஐந்தாம் வகுப்பு எழுத்துக்கு நீ வைத்த பட்டம் அது. காற்றாலைக் கோபுரத்தின் இலக்கத்தைப் போட்டு, 'ஒன்றுமில்லை' என்று எழுதுவேன். என் எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கிறதென்று மிஸ் ஒருநாள் சொன்னாள். அன்று நான் நிமிர்ந்து நடந்ததைப் பார்த்து, "பாத்து நடவடி, காத்தாடியில தலை இடிக்கப்போகுது" என்றாய். கொஞ்சத் தூரம் போனபின், "என்ர பேரை எழுதினா எப்பிடியடி இருக்கும்?" என்று கேட்டாய்.

"நாளைக்கு எழுதிக் காட்டுறன்."

எழுதிக் காட்டவேயில்லை.

ஒரு மாசி மாதக் காலை, மூச்சு வாங்கி நான் பின்தங்கிவிட்டேன். வந்து பார்த்தால் நீ முழங்காலில் நின்று குழிக்குள் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தாய். பூநாரை ஒன்றின் சிறகு நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அதையும் மூடி, சிலுவை போட்டு, மேலே ஒரு சிப்பியைக் கவிழ்த்து அழுத்தினாய்.

"என்னடி செய்யிறாய்? எழுத வேணுமெல்லே!"

"மிஸ் வந்து படம் எடுக்கும் வரைக்கும் நாய் விட்டுவைக்குமே? என்ர மனுசனைக் கடல் திருப்பித் தரேல்ல. ஒரு பிடி மண் போடக் குடுத்துவைக்கேல்ல. இதை எப்பிடியடி திறந்தபடி விட்டிட்டு வாறது?"

படிவத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினேன். ஒருமுறைதானே என்றிருந்தேன். நீ நாள்தோறும் சிப்பி பொறுக்கியது பேரப்பிள்ளைக்கு விளையாட என்றிருந்தேன்.

போன கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம். இனி வரப்போகும் காலத்தை மிஸ் மூன்று படங்களாகத் திரையில் காட்டினாள். முதலாவதில், இப்போதுபோல நிலக்கரியும் எண்ணெயும் எரித்து மின்சாரம். இரண்டாவதில், நம் கரை நெடுகப் புதிய காற்றாலைகள். மூன்றாவதில் காற்றாலைகள் கொஞ்சம், கூரைகளில் சோலார் தகடுகள். வெளிநாட்டுப் பறவைகள் வரும் மாதங்களில் சில காற்றாலைகளை நிறுத்தியும் வைப்பார்கள்.

"இந்தக் கரையில பறவை சாகிறது குறைவு. பதிவு அப்பிடித்தான் சொல்லுது. ஆனபடியால் ரெண்டாவதுதான் பொருத்தம்" என்று சொல்லி, சாட்சிக்கு என் படிவங்களைக் காட்டினாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பக்கத்தில் இருந்த என் பேத்தி, கம்பஸில் பட்டத்துக்குப் படிக்கிறவள், என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கட அம்மம்மாவின்ர எழுத்து!" என்று தோழிக்குச் சொன்னாள்.

அப்போது எனக்குச் சிப்பிகள் உரசுவது கேட்டது. பை வீட்டில்தான் இருந்தது. நீ அவற்றைப் பொறுக்கியது பேரப்பிள்ளைக்கல்ல, குழிக்கு ஒன்றாகக் கவிழ்க்கத்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

எழும்பினேன். காற்றாலை வேண்டாமென்று சொல்ல அல்ல. கரண்ட் இல்லாமல் கிடந்த காலத்தை நீயும் நானும் கண்டவர்கள்தானே. "பிள்ளை, அந்தத் தாள் பிழை. பறவை செத்தது. புதைச்சது நாங்கள்" என்றேன். அவள் என்று உன்னைத் தனியாகக் காட்ட வாய் வரவில்லை. எழுதியது என் கை.

"கிழவிக்கு வெயில் பிடிச்சிட்டுது" என்று யாரோ சொல்ல, மண்டபம் சிரித்தது. பேத்தி சிரிக்கவில்லை. என் கையை விட்டுவிட்டாள்.

மறுநாள் உன் பையைத் தோளில் கொழுவி, மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு போனேன். பேத்தியும் பின்னால் வந்தாள். கவிழ்ந்த சிப்பிகளை அவளுடைய கண்தான் கண்டது. கோபுரத்துக்குக் கோபுரம், பற்றைகளின் ஓரமாக, எல்லாம் ஒரே மாதிரி அழுத்தி வைத்தவை. மிஸ் தோண்டினாள். எலும்புகளும் இறகுக் காம்புகளும் வந்தன. ஏசுவாள் என்று நின்றேன். அவள் மணலில் குந்திவிட்டாள்.

"அறிக்கையைத் திருப்பி எழுத வேணும் அம்மா. மேல என்ன சொல்லுவினமோ தெரியாது" என்றாள். பிறகு புதுப் படிவங்களைத் தந்தாள். "கண்டவர் எண்ட இடத்தில உங்கட பேரைப் போடுங்கோ."

நான் உன் பெயரை எழுதினேன். ஒவ்வொரு தாளிலும், ஆறுதலாக, அவசரப்படாமல். பேத்தி எட்டிப் பார்த்து, "இது ஆர் அம்மம்மா?" என்றாள்.

"கண்டவள்" என்றேன்.

எலும்புகளை மிஸ் கொண்டுபோனபின் வெறுங் குழிகளை நான் மூடினேன். பேத்தியும் குனிந்து மணல் தள்ளினாள். சிப்பிகளை உன் பைக்குள் போட்டுக் கொண்டுவந்தேன். இப்போது பை கனக்கிறது, அலுமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்கிறது. எழும்பிப் போய்ச் சாத்திவிட்டு வருகிறேன்.

உன் பெயர் எழுத்தில் வடிவாகத்தான் இருக்குதடி.