கருப்புத் திரைக்கு ஒரு பட்டன்

மவுஸைத் தொடாமலேயே காலத்தை ஓட்டிய என் அன்பு ரபீக் மாப்பிள்ளைக்கு,

நீ போய் ஆறு மாதம் ஆகிவிட்டது. வீரபாண்டியில் நம் சாயப்பட்டறையின் கம்ப்யூட்டர் அறையில் உன் லினக்ஸ் மெஷின் இன்னும் ஓடுகிறது. அதே கருப்புத் திரை, அதே வெள்ளை எழுத்து. ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை. அதுதான் இப்போது என் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

ஒவ்வொரு நிறத்தின் சாயக்கலவை ரெசிபிக்கும் ஒரு சின்ன ஃபைல், தேடுவதற்கு ஒரு வரி கமாண்ட். "பழைய மெஷினுக்கு இதுக்கு மேல எதுக்குடா மச்சான்? படத்தயும் பட்டனயும் போட்டா அதுக்கு மூச்சு வாங்கும்" என்பாய். நீ சொன்னது சரிதான். எந்தக் காலத்து நேவி ப்ளூவும் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். ஆனால் தட்டத் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தானே? இப்போது நான் மட்டும்.

போன மாதம் வெள்ளகோவிலில் என் மகளுக்குக் காதுகுத்து. குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுகிறாள். நான் கோயில் மதிலோரம் நின்று போனில் கமாண்டை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம், ஒடிசாவிலிருந்து வந்து நம் லேபில் வேலை பார்க்கும் சுனிதா. அவள் ஊர் வழக்கப்படி அண்ணன் என்பதற்கு என்னைப் 'பையா' என்பாள்.

"பையா, அந்தக் கோடு மேலயா, கீழயா?"

"நடுவுல கண்ணு, நடுவுல!"

நான் திரும்பி வருவதற்குள் தோடு போட்டாகிவிட்டது. மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் முதலாளி, "ஏனுங்க பழனிசாமி, நீங்க லீவு போட்டா நமக்குக் கையும் ஓடறதில்லீங்க, காலும் ஓடறதில்லீங்க" என்று சிரித்தார். பாராட்டுத்தான். எனக்கோ வெளியே தாழ்ப்பாள் போட்ட மாதிரி இருந்தது.

முந்தாநாள் சுனிதா மறுபடியும், "பையா, போன்ல இருக்கற மாதிரி படம் போட்டுக் குடு. நானே தேடிக்கும்" என்றாள். லினக்ஸிலேயே அதெல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. கொஞ்சம் புது மெஷின் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ரபீக்குக்கு அது பிடிக்காது என்று உன் பெயரைச் சொல்லியே ஆறு மாதமாகத் தட்டிக்கழித்து வந்தேன். பொய்தான் மாப்ள. யார் வேண்டுமானாலும் அமுக்கலாம் என்றால் அப்புறம் பழனிசாமி எதற்கு? அந்தப் பயம்தான். மாட்டிக்கொண்டேன் என்று புலம்புகிறேன்; சாவியைக் கொடுக்கவும் மனம் வரவில்லை. உனக்கும் இந்தப் பயம் இருந்ததா? அதனால்தான் என்னைத் தவிர வேறு யாருக்கும் நீ சொல்லவில்லையா?

ஆஸ்பத்திரியில் உன் கடைசி நாள். பேக்கப் எடுக்கும் கமாண்ட் மறந்துபோய் நான்தான் பட்டறையிலிருந்து உன்னைப் போனில் கூப்பிட்டேன். ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே எழுத்தெழுத்தாகச் சொன்னாய். "எண்டர் தட்டுடா" என்றாய். தட்டினேன், ஓடியது. "மச்சான், அப்பறம்..." என்று நீ ஆரம்பிக்கும்போதே, "ஆயிருச்சு மாப்ள, வெச்சர்றேன்" என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் என்ன மாப்ள? என்ன சொல்ல வந்தாய்? அதை எந்த கமாண்ட் போட்டுத் தேடுவேன்?

முதலாளியிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மெஷினை மாற்றுகிறேன். உன் கமாண்டுகளை அழிக்க மாட்டேன். பட்டன்களுக்கு அடியில் ஓடப்போவது அவைதான். சுனிதா அமுக்கட்டும். நம் பட்டறை இனி யாரையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கூப்பிட்டு எழுத்துக் கேட்காது. நானும், என்னிடம் பேசுகிறவர்கள் பேசி முடிக்கும்வரை போனை வைக்க மாட்டேன். இது உனக்குச் செய்யும் சத்தியம்.

அன்றைக்கு அவசரப்பட்டுவிட்ட
உன் மச்சான்,
பழனிசாமி